மலையில் நாலு தொடர்பு போட்டேன், லாகில் மூன்றுதான் படிக்க முடிகிறது

ஈரநோட்டு கேட்டது:

வணக்கம். நான் இருப்பது இங்கிலாந்தில், ஸ்டோக்-ஆன்-டிரென்ட் பக்கம். பிப்ரவரியில்தான் ஹாம் ரேடியோவுக்கான (பொழுதுபோக்கு வானொலி) முதல் படி, ஃபவுண்டேஷன் உரிமம் கிடைத்தது. 25 வாட் வரை அனுமதி உண்டு. ஆனால் கையில் இருப்பது 5 வாட் கைரேடியோ ஒன்றுதான். போன ஞாயிறு அதை எடுத்துக்கொண்டு முதல்முறையாகச் சோட்டாவுக்காக ஒரு மலை ஏறினேன். மலை என்று சொல்லக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. பாஸ்லி கிளவுட், 343 மீட்டர். நம் ஊரில் குன்று என்றுகூடச் சொல்லமாட்டார்கள்.

தெரியாதவர்களுக்கு: சோட்டா என்பது 'சம்மிட்ஸ் ஆன் தி ஏர்'. 2002இல் பிரிட்டனில் தொடங்கியது. உச்சியில் நின்று ஹாம் ரேடியோவில் அழைப்பவர் ஆக்டிவேட்டர், அவரைத் தேடிப் பிடித்துப் பேசுபவர் சேசர். நாலு வெவ்வேறு நிலையங்களோடு பேசினால்தான் ஆக்டிவேட்டருக்கு அந்த மலைக்குரிய புள்ளி. கிளவுடுக்கு ஒரே ஒரு புள்ளி.

டிம்பர்ஸ்புரூக்கில் காரை விட்டுவிட்டு நடந்தேன். உச்சியில் நின்றால் செஷயர் சமவெளி முழுக்கத் தெரிகிறது, நடுவில் ஜோட்ரெல் பேங்க் ரேடியோ தொலைநோக்கியின் வெள்ளைக் கிண்ணம். 76 மீட்டர் அகலம் அது. வானத்தையே கேட்கும் அந்தக் காதுக்கு எதிரில் ஒரு சாண் ஆன்டெனாவோடு நின்றதில் எனக்கே சிரிப்பு வந்தது. 145.500 மெகாஹெர்ட்ஸில் அழைத்தேன். முதலில் கீழே காங்கிள்டனிலிருந்து ஒருவர். பிறகு ஸ்டோக்கிலிருந்து ஒருவர். மூன்றாவதாக மேக்கிள்ஸ்ஃபீல்டிலிருந்து ஓர் அம்மா, தெளிவான குரல். நாலாவது ஆள் ஷைனிங் டோர் உச்சியில் நின்றுகொண்டிருந்தார்! அவரும் என்னைப்போலவே மலையில். குதிக்காத குறை.

அப்புறம் மழை. யாரோடு, எப்போது பேசினேன் என்று குறிக்கும் லாகை நான் எழுதியது ஜெல் பேனாவில், சாதாரண நோட்டில். வீட்டுக்கு வந்து பார்த்தால் அந்த அம்மாவின் அழைப்புக்குறியில் (ஒவ்வொரு நிலையத்துக்கும் உள்ள தனி அடையாளம்) கடைசி இரண்டு எழுத்து நீலக் குளமாகிவிட்டது. ஆக, மூன்று.

இரண்டு கேள்வி. ஒன்று, மலையில் நீங்கள் எல்லாம் எப்படித்தான் லாக் எழுதுகிறீர்கள்? இரண்டு, இந்தப் பயணத்தை மற்றவர்களோடு எப்படிப் பகிர்வது? குடும்ப வாட்ஸாப்பில் நாற்பது படம் போட்டேன். மதுரையிலிருந்து அண்ணன் "என்னடா, பிக்னிக்கா?" என்று கேட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டார். ரேடியோவில் நடந்தது ஒருவருக்கும் போய்ச் சேரவில்லை.

பழையகம்பி எழுதியது:

தம்பி, பென்சில். அவ்வளவுதான். ஈரத்தில் கரையாது, குளிரில் உறையாது. மழைக்கென்றே செய்த தாள் நோட்டு மலையேற்றக் கடைகளில் கிடைக்கும், அதில் எழுது. பென்சிலை நூல் கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொள். கிண்டர் ஸ்கவுட் மலையின் கரிச்சேற்றில் நான் தொலைத்த பென்சில்களை எண்ண முடியாது.

நீ கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நேரத்தை எந்தக் கடிகாரம் பார்த்து எழுதினாய்? போனைப் பார்த்திருந்தால் அது கோடைக்கால நேரம். லாகுக்கு யூடிசி, அதாவது உலகப் பொது நேரம் வேண்டும், ஒரு மணி நேரம் குறைத்துப் போடு. முதல் வருடம் முழுக்க நானும் இந்தத் தப்பைச் செய்தவன்தான். இப்போது மலைக்கு மட்டும் ஒரு மலிவான கைக்கடிகாரம் வைத்திருக்கிறேன், அது எப்போதும் யூடிசியில்தான் ஓடும். வீட்டம்மா அதில் மணி பார்த்துவிட்டு ஒருமுறை பஸ்ஸைக் கோட்டைவிட்டார். அந்தப் பேச்சு இன்னும் ஓயவில்லை.

அந்த அம்மாவின் குறியை ஊகித்து மட்டும் எழுதாதே. மூன்றோடு சோட்டா தளத்தில் பதிவேற்று. ஒரு தொடர்பு இருந்தாலே ஆக்டிவேஷன் கணக்கில் வரும். உனக்குப் புள்ளி வராது, ஆனால் உன்னைப் பிடித்தவர்களுக்கு அவர்கள் புள்ளி கிடைத்துவிடும். ஆனால் அதற்கு முன் ஒரு வேலை செய். ஷைனிங் டோர்காரரைக் கேள். ஒரு மலையைப் பிடித்தவர் பக்கத்து மலையையும் விடமாட்டார், அந்த அம்மா அவரோடும் பேசியிருப்பார். அவருடைய லாகில் இருக்கும் குறியின் முன்பாதி உன் நோட்டில் மிச்சமிருப்பதோடு பொருந்துகிறதா என்று பார்.

அடுத்ததாக வின்டர் ஹில் போகலாம் என்று நினைத்திருந்தால், கைரேடியோவோடு போகாதே. உச்சியில் 300 மீட்டருக்கு மேல் நிற்கும் டிவி கோபுரம், சுற்றிலும் இன்னும் பல. மலிவான ரிசீவர் அந்த இரைச்சலில் திணறிச் செவிடாகிவிடும். நான் அங்கே முக்கால் மணி நேரம் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன். பதில் சொன்னவர்கள் இருந்தார்களாம், எனக்குத்தான் கேட்கவில்லை.

மோர்ஸ்மீனா எழுதியது:

பென்சிலோடு நான் சேர்ப்பது ஒன்று: போனில் குரல்பதிவை ஓடவிட்டு ரேடியோ பக்கத்தில் வைத்துவிடுங்கள். எழுத்து அழிந்தாலும் குரல் இருக்கும். உங்கள் மேக்கிள்ஸ்ஃபீல்டு அம்மா இந்நேரம் அதில் பேசிக்கொண்டிருப்பார். லாக் எழுதப் போலோ என்ற செயலியும் நன்றாக இருக்கிறது, யூடிசியை அதுவே பார்த்துக்கொள்ளும். ஆனால் மழைத்துளி விழுந்த திரையில் என் விரல் ஒன்றைத் தொட அது இன்னொன்றை எழுதுகிறது. அதனால் வெயில் நாளில் மட்டும்தான்.

பகிர்வது பற்றி: நாற்பது படத்தில் முப்பத்தைந்தைத் தூக்கிவிடுங்கள். ஊர்ப்படம் யாருக்கும் வேண்டாம். நான் ஒவ்வொரு மலைக்கும் ஒரு பக்கம் எழுதுகிறேன். அடுத்து அங்கே போகும் ஒருவர் என்ன கேட்பார் என்று யோசித்து எழுதுவது. காற்று எந்தப் பக்கம் அறைகிறது, ஒதுங்கச் சுவர் உண்டா, ஆன்டெனா கம்பத்தைக் கட்ட வேலிக்கால் இருக்கிறதா, போன் சிக்னல் வருகிறதா, உச்சியிலிருந்து எவ்வளவு தள்ளி உட்காரலாம். உயரத்தில் 25 மீட்டருக்கு மேல் இறங்கக்கூடாது என்பது விதி. ஆனால் கிண்டர் போன்ற தட்டை மலையில் அதற்குள்ளேயே வெகுதூரம் தள்ளிப் போய்விடலாம். உச்சியில் நிற்கும் நில அளவை முக்கோணத் தூணை ஒட்டி ஆன்டெனா விரித்து, படம் எடுக்க வந்தவர்களை முறைத்துக்கொண்டு உட்காரத் தேவையே இல்லை.

நடந்த பாதையின் ஜிபிஎக்ஸ் கோப்பையும் சேர்க்கிறேன். வீட்டு வாசலிலிருந்து பதிவை ஓடவிட்டிருந்தால் அந்தப் பகுதியை வெட்டிவிட்டுப் போடுங்கள், இல்லாவிட்டால் உங்கள் வீட்டுக்கும் வழி காட்டியதாகிவிடும்.

அண்ணனுக்கு? மலை உயரத்தைச் சொல்லாதீர்கள். வரைபடத்தில் கிளவுடிலிருந்து நாலு இடத்துக்கும் நாலு கோடு போட்டு, "நடுவில் டவர் இல்லை, இன்டர்நெட் இல்லை, இரவு விளக்கு எரியும் அளவு மின்சாரம்தான்" என்று எழுதுங்கள். இங்கிள்பரோ மலையிலிருந்து 5 வாட்டில், பத்து மீட்டர் கம்பியை மீன்பிடிக் கம்பத்தில் தூக்கி, 14 மெகாஹெர்ட்ஸில் மோர்ஸ் அடித்து அமெரிக்கக் கிழக்குக் கரையைப் பிடித்தேன். அந்தக் கோட்டைப் பார்த்தபிறகுதான் எங்கள் அப்பா, "அந்தக் கம்பியைக் கொஞ்சம் காட்டும்மா" என்றார். அதுவரை எனக்கு ஏதோ மனக்கஷ்டம், அதனால்தான் மலைமலையாகத் திரிகிறேன் என்று நினைத்திருக்கிறார்.

தெர்மாஸ்காரி எழுதியது:

எனக்கு உரிமமும் இல்லை, ஒன்றும் இல்லை. கணவரோடு ஏறுகிறவள். சிறந்த லாக் முறை எதுவென்றால் மனைவி. அவர் பேசுவார், நான் குடைக்குள் உட்கார்ந்து எழுதுவேன். எழுத்து அழிந்ததே இல்லை. கூலி: உச்சியில் சூடாக டீ, இறங்கியதும் சிப்ஸ். நாலு தொடர்பு முடிந்தபிறகு "இன்னும் ஒன்றே ஒன்று" என்று கேட்டால் கூலி இரட்டிப்பு.

ஈரநோட்டு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நேரம் போன் பார்த்துத்தான் எழுதியிருந்தேன், மாற்றிவிட்டேன்.

ஷைனிங் டோர்காரருக்கு எழுதினேன். பழையகம்பி அண்ணா சொன்னதுபோலவே, எனக்குப் பின் ஆறு நிமிடம் கழித்து அந்த அம்மா அவரோடு பேசியிருக்கிறார். என் நோட்டில் மிஞ்சிய முன்பாதியும் ஊரும் சரியாகப் பொருந்தின. இருந்தாலும் மனது கேட்கவில்லை, அந்த அம்மாவுக்கே ஒரு மின்னஞ்சல் போட்டேன். அன்றே பதில் வந்தது. என் குறியும் நேரமும் அவர் லாகில் இருக்கின்றன. அவர் எழுதியதும் பென்சிலில்தானாம், சமையலறை மேசையில்.

நாலு கோட்டை வரைந்து அண்ணனுக்கு அனுப்பியிருக்கிறேன். இரண்டு நீல டிக் விழுந்துவிட்டது, பதில் இன்னும் வரவில்லை. தெர்மாஸ்காரி அக்கா, எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, பென்சிலிலேயே ஓட்டிக்கொள்கிறேன்.