கொசுவை விட்டுக் கொசுவை அடக்கலாமா? டெங்கும் வோல்பாக்கியாவும்

செங்காந்தள்:
ஒவ்வோர் ஐப்பசியிலும் இதே காட்சிதான். தெருவில் கொசுப்புகை அடித்துக்கொண்டு வண்டி போகிறது. டெங்கைப் பரப்பும் ஏடிஸ் கொசுவோ வீட்டுக்குள் கட்டிலுக்கு அடியிலும் கொடியில் தொங்கும் துணி மடிப்பிலும் சுகமாக உட்கார்ந்திருக்கிறது. இந்தச் சடங்கை விட்டுவிட்டு வோல்பாக்கியா கொசுவை ஊருக்குள் விட வேண்டும் என்பது என் கட்சி.

தெரியாதவர்களுக்காக: வோல்பாக்கியா பூச்சிகளின் உடலில் வாழும் பாக்டீரியா. பூச்சி இனங்களில் ஏறத்தாழப் பாதியில் உண்டு. ராத்திரி நம்மைக் கடிக்கும் சாக்கடைக் கொசுவிலும் இருக்கிறது. டெங்கு பரப்பும் ஏடிஸ் எகிப்தியில் கிடையாது. ஆஸ்திரேலியாவில் ஸ்காட் ஓ'நீல் குழுவினர் பழ ஈயின் வோல்பாக்கியாவை ஏடிஸ் முட்டைக்குள் ஊசியால் செலுத்தினார்கள். அது குடியேறிய கொசுவின் உடலில் டெங்கு வைரஸ் பெருகத் திணறுகிறது. தாயிடமிருந்து முட்டை வழியே அடுத்த தலைமுறைக்கும் போய்விடுகிறது. 2011 இல் கெய்ன்ஸ் நகரை ஒட்டி விட்டுப் பார்த்தார்கள். இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் நகரை 24 பகுதிகளாகப் பிரித்து, 12 இல் மட்டும் விட்டார்கள். அந்தப் பகுதிகளில் டெங்கு 77 விழுக்காடு குறைவு. டெங்குவால் மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் 86 விழுக்காடு குறைவு. இது 2021 இல் வெளியான முடிவு. அடுத்த ஆண்டே புதுச்சேரியில் உள்ள இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் மையம், இங்குள்ள ஏடிஸ் கொசுவிலேயே வோல்பாக்கியாவைக் குடியேற்றிவிட்டதாக அறிவித்தது. இன்னும் எதற்குக் காத்திருக்க வேண்டும்?

ஒற்றைப்பனை:
கூண்டுக்குள் வளர்த்ததும் ஊருக்குள் விடுவதும் ஒன்றா, நண்பரே?

இந்த நாட்டில் ஏற்கனவே ஒருமுறை கொசு விடும் திட்டம் வந்தது. 1970களில் உலக சுகாதார நிறுவனமும் நம் மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலும் டெல்லியில் நடத்திய ஆய்வு அது. பணம் அமெரிக்காவுடையது. மலடாக்கப்பட்ட ஏடிஸ் ஆண் கொசுக்களைச் சோனிபட்டில் விட எல்லாம் தயார். மஞ்சள் காய்ச்சல் இல்லாத நாட்டில், அதைப் பரப்பக்கூடிய கொசுவைப் பற்றி அமெரிக்காவுக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்று பத்திரிகைகள் கேட்டன. நாடாளுமன்றத்தின் பொதுக் கணக்குக் குழு வரை விவகாரம் போயிற்று. 1975 இல் திட்டத்தை மூடிவிட்டார்கள். உயிரியல் போர் என்ற சந்தேகம் மெய்யா பொய்யா என்பது இருக்கட்டும். விஞ்ஞானிகள் ஊர்க்காரர்களிடம் வாயைத் திறந்து பேசவில்லை; அந்த இடைவெளியில் வதந்தி நுழைந்தது.

பிலிப்பைன்ஸில் டெங்கு தடுப்பூசியும் அப்படித்தான் ஆனது. ஏறத்தாழ 8 லட்சம் பிள்ளைகளுக்குப் போட்ட பிறகு, 2017 இல் அதைத் தயாரித்த நிறுவனமே சொல்கிறது: முன்பு டெங்கு வராதவர்களுக்கு இதனால் நோய் தீவிரமாகலாம் என்று. ஆராய்ச்சியின் மேல் எனக்குக் கோபமில்லை. அவசரத்தின் மேல்தான்.

ஓய்வுபெற்ற ஆய்வாளர்:
சுகாதாரத் துறையில் வேலை பார்த்தவன் என்பதால் ஒரு வார்த்தை. இரண்டு பேருமே தண்ணீரை மறந்துவிட்டீர்கள்.

குழாயில் நாள் தவறாமல் தண்ணீர் வராத தெருவில் வாசலுக்கு வாசல் நீல நிற டிரம் நிற்கும். மூடி இருக்காது, இருந்தாலும் உடைந்திருக்கும். டார்ச் அடித்தால் கொசுப்புழு நெளிந்துகொண்டு அடிக்கு ஓடும். அதைப் பார்த்து அபேட் மருந்தை ஊற்றப் போனால் வீட்டுக்கார அம்மா கையைப் பிடித்துக்கொள்வார்: "தண்ணீர் நாறும் ஐயா, இதில்தான் சோறு வடிக்கிறேன்." சரி, கவிழ்த்துக் கொட்டுங்கள் என்றால், அடுத்த லாரி எப்போது வரும் என்று அவர் கேட்பார். நான் என்ன சொல்ல? கொட்டினாலும் தீராது. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே டிரம்மின் சுவரில் மிளகுத்தூள் அப்பியதுபோல முட்டைகள் ஒட்டியிருக்கும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. நாரை வைத்து அழுத்தித் தேய்த்துக் கழுவினால்தான் போகும்.

புகை அடிப்பது பற்றிச் செங்காந்தள் எழுதியது சரி. அது வாக்காளர் கண்ணில் படுவதற்காக அடிப்பது.

தேக்காவாசி:
ஐயா சொல்வதை மதிக்கிறேன். ஆனால் நான் இருக்கும் சிங்கப்பூரில் குழாயில் எந்நேரமும் தண்ணீர் வருகிறது. அதிகாரிகள் வீட்டுக்குள் வந்து பூச்சாடித் தட்டைத் தூக்கிப் பார்க்கிறார்கள். புழு இருந்தால் அபராதம். இத்தனைக்குப் பிறகும் 2020 இல் 35,000 பேருக்கு மேல் டெங்கு. தண்ணீரும் துப்புரவும் மட்டும் போதும் என்பதை எங்கள் ஊர் பொய்யாக்கிவிட்டது.

இங்கே 2016 முதல் வோல்பாக்கியா உள்ள ஆண் கொசுக்களை மட்டும் விடுகிறார்கள். ஆண் கொசு கடிக்காது. அது வெளியே இருக்கும் சாதாரணப் பெண்ணோடு சேர்ந்தால் முட்டை பொரிக்காது. கூட்டுப்புழுப் பருவத்தில் பெண் பெரிதாக, ஆண் சிறிதாக இருப்பதால் அளவை வைத்தே பிரிக்கிறார்கள். எங்கள் அடுக்குமாடியின் மின்தூக்கி அருகே ஒருவர் குழாய் போன்ற டப்பாவைத் திறந்து தட்டுவார். கொசுக்கள் குபீரென்று கிளம்பும். முதலில் எல்லோரும் முகம் சுளித்தார்கள். இப்போது யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

ஒற்றைப்பனை:
தேக்காவாசி, இரண்டு தனித்தனி வைத்தியங்களை ஒரே புட்டியில் ஊற்றுகிறீர்கள். செங்காந்தள் சொல்வது பெண்ணையும் சேர்த்து விடுவது: ஊர்க் கொசுவையே வேறு வகையாக மாற்றும் வழி. அதில் சில மாதங்களுக்குக் கடி கூடத்தான் செய்யும். நீங்கள் சொல்வது கொசுவின் எண்ணிக்கையைக் குறைக்கும் வழி. கடி இல்லை, ஆனால் விடுவதை நிறுத்தினால் கொசு திரும்பிவிடும். வாரா வாரம் லட்சக்கணக்கில் ஆண் கொசு வளர்க்கச் சிங்கப்பூரிடம் பணம் இருக்கிறது. குப்பை வண்டிக்கு டீசல் போடவே யோசிக்கும் நம் நகராட்சியிடம்?

செங்காந்தளுக்கு இன்னொன்று. பழ ஈயிலிருந்து எடுத்த வகை சூடு தாங்காது. பகலில் 37 டிகிரி வரை போகும் சூட்டில் வளரும் புழுக்களில் அது குறைந்துபோவதை ஆய்வுக்கூடத்திலேயே கண்டிருக்கிறார்கள். வேலூரின் சித்திரை வெயிலில் மொட்டை மாடித் தொட்டி எவ்வளவு கொதிக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

செங்காந்தள்:
சூடு பற்றிய கேள்வி நியாயமானது; அதற்குப் பதிலும் இருக்கிறது. ஆசியப் புலிக் கொசுவிலிருந்து எடுத்த இன்னொரு வகை சூட்டை நன்றாகத் தாங்கும். கோலாலம்பூரில் அதைத்தான் விட்டார்கள். டெங்கு 40 விழுக்காடு அளவு குறைந்தது. புதுச்சேரியில் இரண்டு வகையையும் வைத்திருக்கிறார்கள். 77 இல்லை, 40தான் என்று நீங்கள் சொல்வீர்கள். புகை வண்டி எத்தனை விழுக்காடு குறைத்தது என்று யாராவது அளந்து காட்டட்டும், பிறகு பேசலாம்.

செலவுக்காகத்தான் பெண்ணையும் சேர்த்து விடச் சொல்கிறேன். ஒருமுறை நிலைபெற்றால் அது தானே பரவிக்கொள்ளும். யோக்யகர்த்தாவில் பெரிய இயந்திரம் எதுவும் இல்லை. கொசு முட்டை போட்ட வாளியை வீட்டு முற்றங்களில் வைத்தார்கள், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாற்றினார்கள். ஊர்க்காரர்களே இடம் கொடுத்தார்கள்.

ஓய்வுபெற்ற ஆய்வாளர்:
உங்கள் கொசு நிலைபெற வேண்டுமானால் அந்த மாதங்களில் புகையடிப்பதை நாங்கள் நிறுத்தி வைக்க வேண்டும். அடித்தால் நீங்கள் விட்ட கொசுவும் சேர்ந்து சாகும். வார்டில் ஒரு குழந்தை டெங்குவில் இறந்துவிட்டது, மறுநாள் காலை மறியல் என்று வையுங்கள். "ஆராய்ச்சி நடக்கிறது, மருந்து அடிக்க மாட்டோம்" என்று எந்த ஆணையர் தெருவில் நின்று சொல்வார்? எனக்குத் தெரிந்து ஒருவரும் இல்லை. யோக்யகர்த்தா அறிக்கையில் இதற்கு விடை தேடாதீர்கள்.

மாசியில் தொடங்குங்கள். கொசு குறைந்திருக்கும், டெங்குவும் குறைந்திருக்கும், யாரும் புகை கேட்க மாட்டார்கள். ஐப்பசிக்குள் நிலைபெற்றால் பிழைத்தது.

ஒற்றைப்பனை:
மாசி யோசனை எனக்குச் சரியாகப் படுகிறது. ஆனால் அதற்கு முன்பு கிராம சபையிலும் வார்டுக் கூட்டத்திலும் வைத்துப் பேச வேண்டும். வேண்டாம் என்று தெருக்காரர்கள் சொன்னால் அந்தத் தெருவை விட்டுவிட வேண்டும்.

செங்காந்தள்:
கூட்டம் சரி. தெருவை விடுவது நடக்காது. கொசுவுக்குத் தெரு எல்லை தெரியாது. வார்டுக்கு ஒரு முடிவு என்றால் ஒத்துக்கொள்கிறேன்.

ஒற்றைப்பனை:
கொசுவுக்கு வார்டு எல்லை மட்டும் தெரியுமா? பக்கத்து வார்டு வேண்டாம் என்று சொன்னால் என்ன செய்வீர்கள், அதைச் சொல்லுங்கள் முதலில்.