எம்.பி.ஏ.வுடன் நிறுவன மாற்றத்திலும் ஒரு முதுகலைப் பட்டம்: இரண்டையும் சேர்த்துப் படிப்பது பயன் தருமா?

கேள்வி: திட்டமிடல் பிரிவு

வணக்கம். ஓர் உற்பத்தி நிறுவனத்தின் திட்டமிடல் பிரிவில் பணிபுரிகிறேன். அடுத்த கல்வியாண்டில் முழுநேர எம்.பி.ஏ. படிப்பதென்று முடிவுசெய்து விண்ணப்பங்களைத் தயாரித்துக்கொண்டிருந்தபோது, எம்.பி.ஏ.வையும் நிறுவன மாற்றம் குறித்த முதுகலைப் படிப்பையும் ஒருங்கே படித்து மூன்று ஆண்டுகளில் இரண்டு பட்டங்களையும் பெறும் ஏற்பாடு ஒரு பல்கலைக்கழகத்தில் இருப்பதைப் பார்த்தேன். அதன் பிறகு முடிவெடுக்க முடியாமல் தவிக்கிறேன்.

என்னை அந்தப் பக்கம் இழுத்தது எங்கள் நிறுவனத்தில் நடந்துகொண்டிருக்கும் ஒரு விஷயம். உற்பத்தி, கொள்முதல், கணக்கு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் நிர்வகிக்கும் புதிய ஈ.ஆர்.பி. மென்பொருளைப் பெரும் செலவில் நிறுவினார்கள். திரையில் பார்த்தால் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. ஆனால் மேற்பார்வையாளர்கள் ஒவ்வொருவரும் தனியாக ஓர் எக்செல் கோப்பு வைத்துக்கொண்டு, பகல் முழுவதும் அதைப் பார்த்தே வேலையை நடத்திவிட்டு, மாலையில் மென்பொருள் கேட்கும் எண்களை அதற்கேற்ப நிரப்பிவிடுகிறார்கள். பயிற்சி போதவில்லை என்று சொல்லி நிர்வாகம் மேலும் மேலும் பயிற்சி வகுப்புகளை நடத்துகிறது. எனக்கு அது காரணமாகத் தோன்றவில்லை. ஆனால் எது காரணம் என்று சொல்லவும் தெரியவில்லை.

இத்தகைய சிக்கல்களைக் கையாள இரண்டாவது பட்டம் உண்மையிலேயே உதவுமா, அல்லது எம்.பி.ஏ.விலேயே நிறுவன நடத்தை சார்ந்த விருப்பப் பாடங்கள் சிலவற்றை எடுத்துக்கொண்டால் போதுமா? ஓராண்டுச் சம்பளத்தையும் கூடுதல் கட்டணத்தையும் இழக்கத் தகுந்த படிப்புதானா என்பதை அனுபவம் உள்ளவர்கள் தெரிவித்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி: இரு பட்டதாரி

நான் இதே இரண்டு பட்டங்களையும் சேர்த்துப் படித்தவன். இப்போது, ஒரு நிறுவனம் இன்னொன்றை வாங்கிய பிறகு இரண்டு தரப்பு ஊழியர்களையும் ஒரே அமைப்புக்குள் கொண்டுவரும் பணியில் இருக்கிறேன். கட்டணக் கணக்கைப் பிறகு பார்க்கலாம். முதலில் உங்கள் எக்செல் கோப்புகளுக்கு வருகிறேன்.

லண்டனில் உள்ள டாவிஸ்டாக் என்ற சமூக ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த எரிக் டிரிஸ்டும் கென் பாம்ஃபோர்த்தும் 1951-இல் பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்கங்களைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். பாம்ஃபோர்த் தாமே சுரங்கத் தொழிலாளியாக இருந்தவர். அதற்கு முன்பெல்லாம் ஒரு சிறு குழு நிலக்கரியை வெட்டுவதிலிருந்து வெளியேற்றுவது வரை முழு வேலையையும் தமக்குள் பகிர்ந்து செய்துவந்தது. இயந்திரங்கள் வந்தபோது அதே வேலை ஷிப்டு வாரியாகத் துண்டாடப்பட்டது; ஒரு ஷிப்டு விட்டுச்சென்ற குறை அடுத்த ஷிப்டின் தலையில் விழுந்தது, அதைச் சரிசெய்யும் பொறுப்போ அதிகாரமோ சுரங்கத்துக்குள் இருந்த எவரிடமும் இல்லை. இயந்திரத்தில் பழுது இல்லாமலேயே எதிர்பார்த்த உற்பத்தி வராமல் போனது. இதை வைத்து உங்கள் நிறுவனத்தைப் பார்த்தால், மேற்பார்வையாளர்களுக்கு மென்பொருளை இயக்கத் தெரியுமா என்பதைவிட, எந்த வேலையை முதலில் ஓட்டுவது என்பது போன்ற எந்த முடிவை அந்த மென்பொருள் அவர்கள் கையிலிருந்து எடுத்துக்கொண்டது என்பதே கேட்க வேண்டிய கேள்வி. அந்த முடிவைத்தான் எக்செல் கோப்பில் மீட்டு வைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று சந்தேகிக்கிறேன். அப்படியானால் எத்தனை பயிற்சி வகுப்பு வைத்தாலும் அந்தக் கோப்புகள் மறையப்போவதில்லை.

ஆனால் இந்தக் கட்டுரையைப் படிப்பதற்கு ஒரு பட்டம் தேவையில்லை, நூலகம் போதும். எம்.பி.ஏ. வகுப்பில் ஜெர்மனியின் டைம்லர், அமெரிக்காவின் கிரைஸ்லர் ஆகிய வாகன நிறுவனங்களிடையே 1998-இல் நடந்த இணைப்பை எடுத்துக்கொண்டு, கொள்முதலில் எவ்வளவு மிச்சமாகும், இரண்டு நிறுவனங்களின் வாகன வரிசைகளும் எப்படிப் பொருந்தும் என்று கணக்கிட்டோம். ஏறத்தாழ 3,600 கோடி டாலர் மதிப்பிடப்பட்ட அந்த இணைப்பு 2007-இல் கிரைஸ்லரின் 80.1 சதவீதப் பங்கை ஒரு முதலீட்டு நிறுவனத்திடம் ஒப்படைப்பதில் முடிந்தது. நிறுவன மாற்றப் படிப்பில் அதே நிகழ்வுக்கு வேறு கேள்விகள் வந்தன: சமமானவர்களின் இணைப்பு என்று அறிவித்துவிட்டு, அமெரிக்கத் தரப்பு உயர் அலுவலர்களின் சம்பளம் ஜெர்மன் தரப்பைவிடப் பல மடங்காக இருக்கும்போது முதல் கூட்டத்தில் யார் யாருக்குப் பதில் சொல்வார்கள்? முடிவெடுக்கும் பழக்கம் இரண்டு இடங்களிலும் வேறாக இருப்பதை முன்கூட்டியே அறிய எவரிடம் என்ன கேட்டிருக்க வேண்டும்? இரண்டு வகுப்புகளும் தேவைதான். ஆனாலும் இதுவும் வகுப்பறைக் கல்விதான். நல்ல விருப்பப் பாடம் ஒன்றில் இதையும் பெற்றுவிடலாம்.

நூலகத்திலும் விருப்பப் பாடத்திலும் கிடைக்காதது ஒன்று உண்டு. 1946 கோடையில் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் சமூக உளவியலாளர் கர்ட் லெவின் ஒரு பயிலரங்கை நடத்தினார். அன்றைய அமர்வுகளில் யார் எப்படி நடந்துகொண்டார்கள் என்று ஆய்வாளர்கள் மாலையில் கூடிப் பேசுவார்கள். பங்கேற்பாளர்கள் சிலர் அதைக் கேட்க அனுமதி பெற்று உள்ளே வந்து, தம்மைப் பற்றிய விவரிப்பை மறுத்து வாதிட, அந்த வாதமே பகல் அமர்வுகளைவிடப் பெரிய பாடமாக ஆகிவிட்டது. 1947 தொடக்கத்தில் லெவின் இறந்துவிட்டார். அதே ஆண்டு மெய்ன் மாநிலத்தின் பெத்தலில் தொடங்கிய தேசியப் பயிற்சி ஆய்வகம் இதையே முறையான பயிற்சியாக வளர்த்தது. இன்றும் நல்ல படிப்புகளில் இதன் ஏதோ ஒரு வடிவம் இருக்கிறது. பத்துப் பன்னிரண்டு பேர் வட்டமாக உட்கார்ந்திருப்பார்கள், நிகழ்ச்சி நிரல் கிடையாது, பயிற்றுநர் வாயைத் திறக்க மாட்டார். சிறிது நேரத்தில் ஒருவர் பொறுமையிழந்து தலைமை ஏற்பார், இன்னொருவர் நகைச்சுவையால் பதற்றத்தைத் தணிக்கப் பார்ப்பார், மூன்றாமவர் ஒதுங்கிவிடுவார். பிறகு அதைப் பற்றித்தான் பேச்சு முழுவதும். கூட்டம் தொடங்கியவுடன் எழுதுபலகை அருகே போய் நின்று, எவரும் கேட்காத தீர்வை எழுதத் தொடங்குபவன் நான் என்பதை மற்றவர்கள் சொல்லித்தான் அறிந்தேன்.

இதோடு மேற்பார்வையின் கீழ் ஓர் உண்மையான நிறுவனத்தில் செய்யும் களப்பணியும் சேர வேண்டும். ஊழியர்களைப் பேட்டி கண்டு, அவர்கள் சொன்ன வாக்கியங்களைப் பெயர் நீக்கி அப்படியே சுவரில் ஒட்டி, அவர்களையும் மேலாளர்களையும் ஒரே அறையில் நின்று படிக்கச் செய்வோம். படித்து முடிந்ததும் மேலாளர் முதலில் கேட்பது "இதைச் சொன்னது யார்?" என்பதாகத்தான் இருக்கும். அந்த நேரத்தில் நீங்கள் என்ன சொல்கிறீர்கள், உங்கள் குரல் எப்படி இருக்கிறது என்பதை உடனிருக்கும் பேராசிரியர் குறித்துக்கொள்வார். நீங்கள் பார்த்த படிப்பில் இவை இரண்டும் இருந்தால் தயங்காமல் சேருங்கள். இல்லையென்றால் உங்களுக்குக் கிடைக்கப்போவது இரண்டாவது சான்றிதழ் மட்டுமே.

மறுமொழி: நிதிப்பிரிவு

மேலே எழுதியவரின் ஆர்வத்தை மதிக்கிறேன். ஆனால் கேட்டவர் பணத்தையும் காலத்தையும் பற்றிக் கேட்டிருக்கிறார்.

எம்.பி.ஏ. பட்டதாரிகளைத் தேர்வு செய்யும் குழுக்களில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: வளாகத் தேர்வில் எடுக்கப்படுபவர்களுக்குத் தொடக்கச் சம்பளம் பெரும்பாலும் பதவி வாரியாக முன்பே நிர்ணயிக்கப்பட்டிருக்கும்; விண்ணப்பத்தில் இரண்டாவது முதுகலைப் பட்டம் இருப்பதால் அது உயர்வதை நான் பார்த்ததில்லை. மேலும், முதலாண்டில் உங்களோடு படித்தவர்கள் இரண்டாம் ஆண்டின் முடிவில் வேலைக்குப் போய்விட, நீங்கள் அறிமுகமில்லாத அடுத்த அணியோடு போட்டியிடுவீர்கள். கோடைகாலப் பணிப்பயிற்சிக்கு எந்த ஆண்டில் தகுதி பெறுவீர்கள் என்பதும் நீங்கள் எந்தப் படிப்பில் முதலாண்டைச் செலவிடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. எங்களிடம் வந்த இரட்டைப் பட்ட மாணவர் ஒருவர் தாம் எந்த அணியைச் சேர்ந்தவர் என்று விளக்குவதிலேயே நேர்காணலின் பாதியைச் செலவழித்தார்.

இந்தத் துறையின் ஆதாரங்கள் மீதும் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. நிறுவன மாற்ற முயற்சிகளில் 70 சதவீதம் தோல்வியடைகின்றன என்று ஆலோசகர்கள் எல்லோரும் சொல்வார்கள். 2011-இல் மார்க் ஹியூஸ் என்ற ஆய்வாளர் அந்த எண்ணின் மூலங்களைத் தேடிப்போய், அதற்கு நம்பத்தக்க ஆய்வு ஆதாரம் எதுவும் இல்லை என்று எழுதினார். மேலாண்மைப் பேராசிரியர் ஜான் காட்டர் நிறுவன மாற்றத்துக்கென 1995-இல் முன்வைத்த எட்டுப் படிகளை எம்.பி.ஏ. பாடத்திலேயே சொல்லித் தருகிறார்கள். அதற்கு மேல் வேண்டுமென்றால் ப்ரோசை போன்ற மாற்ற மேலாண்மைப் பயிற்சி நிறுவனங்களின் மூன்று நாள் சான்றிதழ்ப் பயிற்சி இருக்கிறது. அதன் கட்டணத்தைப் பெரும்பாலும் நிறுவனமே செலுத்திவிடும். ஓராண்டுச் சம்பளத்தை இழப்பதற்குப் பதில் அந்த ஆண்டில் உங்கள் ஈ.ஆர்.பி. போன்ற ஒரு திட்டத்தில் நேரடியாகப் பணியாற்றுவது மேல்.

மறுமொழி: களத்தில் இருப்பவள்

70 சதவீதம் பற்றி நிதிப்பிரிவு ஐயா எழுதியது சரி. அதிலிருந்து துறைக்கே ஆதாரம் இல்லை என்ற முடிவுக்குப் போனதுதான் சரியில்லை.

லெஸ்டர் காக், ஜான் ஃபிரெஞ்ச் ஆகியோர் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் ஹார்வுட் நிறுவனத்தின் பைஜாமா தொழிற்சாலையில் நடத்திய சோதனை 1948-இல் வெளியானது. வேலைமுறையை மாற்றும்போது, ஒரு குழுவுக்கு மாற்றம் வெறுமனே அறிவிக்கப்பட்டது. வேறு குழுக்களில் தொழிலாளர்கள் அனைவரும் புதிய முறையை வகுப்பதில் பங்கேற்றார்கள். அறிவிப்பு மட்டும் பெற்ற குழுவின் உற்பத்தி விழுந்தது விழுந்தபடியே கிடந்தது, முதல் 40 நாட்களில் அவர்களில் 17 சதவீதம் பேர் வேலையை விட்டார்கள். பங்கேற்ற குழுக்கள் விரைவில் பழைய அளவைத் தாண்டின. இந்த அளவுக்கு எல்லா எம்.பி.ஏ. பாடநூலும் சொல்லிவிடும். ஆனால் ஃபிரெஞ்சும் சக ஆய்வாளர்களும் நார்வேயின் ஒரு காலணித் தொழிற்சாலையில் இதை மீண்டும் செய்துபார்த்து 1960-இல் வெளியிட்டபோது, உற்பத்தியில் அத்தகைய வேறுபாடு வரவில்லை. கொடுக்கப்பட்ட பங்கேற்பைத் தங்களுக்கு உரியதாகவும் பொருத்தமானதாகவும் தொழிலாளர்கள் கருதினார்களா என்பதைப் பொறுத்தே விளைவு இருந்தது. ஒரு முறை எங்கே பலிக்கும், எங்கே பலிக்காது என்று ஆராயும் பழக்கத்தை மூன்று நாள் பயிற்சி தராது. அது கையில் ஒரு சட்டகத்தைக் கொடுத்து அனுப்பிவிடும். இரண்டாவது பட்டத்தில் ஆய்வு முறைகள் குறித்த பாடம் வலுவாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வது இதனால்தான்.

சம்பளம் பற்றிய அவர் கருத்தோடு எனக்குச் சண்டை இல்லை. நிதி, சந்தைப்படுத்தல் போன்ற பதவிகளுக்குப் போக நினைப்பவர் இந்த இரண்டாவது பட்டத்தைத் தொடவே வேண்டாம்.

கேட்டவர் கவனிக்க வேண்டிய நடைமுறை ஒன்று இருக்கிறது. பட்டம் பெறச் சேர்க்க வேண்டிய பாட அலகுகளான கிரெடிட், எம்.பி.ஏ.வுக்கு 60, மற்றதற்கு 36 என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு பட்டமும் மற்றதிலிருந்து 9 கிரெடிட்டை ஏற்றுக்கொண்டால், 96-க்குப் பதில் 78 கிரெடிட்டில் இரண்டும் முடியும். மூன்றாண்டுக் கணக்கு இப்படித்தான் வருகிறது. பாதியில் இரண்டாவது பட்டத்தைக் கைவிட்டால் அந்த 9 கிரெடிட்டை எம்.பி.ஏ. தொடர்ந்து ஏற்குமா, அல்லது அதற்கு ஈடான பாடங்களை மீண்டும் படிக்கச் சொல்வார்களா? இரண்டு பட்டங்களையும் ஒரே நாளில்தான் வழங்குவார்களா, ஆய்வேடு தாமதமானால் எம்.பி.ஏ.வும் சேர்ந்து நிற்குமா? சேர்க்கையும் உதவித்தொகையும் இரண்டு துறைகளிலும் தனித்தனி என்றால், ஒன்றில் கிடைத்த உதவித்தொகை மற்றதில் படிக்கும் பருவத்திலும் செல்லுமா? இவற்றுக்கெல்லாம் எழுத்தில் பதில் வாங்குங்கள். கால அட்டவணையையும் கேளுங்கள்: நிறுவன மேம்பாட்டுப் படிப்புகள் பல, பணியில் இருப்பவர்களுக்காகச் சில நாட்கள் தொடர்ச்சியாகத் தங்கிப் படிக்கும் அமர்வுகளாக அமைக்கப்பட்டவை, முழுநேர எம்.பி.ஏ.வின் தேர்வு வாரத்தோடு அவை மோதும்.

கேட்டவர்: திட்டமிடல் பிரிவு

மூவருக்கும் நன்றி. நேற்று ஒரு மேற்பார்வையாளரிடம் அவருடைய எக்செல் கோப்பைக் காட்டச் சொல்லிக் கேட்டேன். மென்பொருளில் இல்லாத ஒரே ஒரு நெடுவரிசை அதில் இருந்தது: எந்த இயந்திரத்தை யார் ஓட்டினால் எவ்வளவு நேரம் ஆகும் என்பது. அதை வைத்துத்தான் அவர் வரிசையை மாற்றுகிறார்; மாற்றுவதற்கு மென்பொருள் இடம் தரவில்லை.

பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டத்தையும் மீண்டும் பார்த்தேன். களப்பணி இருக்கிறது, ஆனால் அதை விருப்பப் பாடமாக வைத்திருக்கிறார்கள். குழுப் பயிற்சி பற்றி எதுவும் இல்லை.

மறுமொழி: இரு பட்டதாரி

களப்பணி விருப்பப் பாடம் என்றால், சென்ற ஆண்டு எத்தனை மாணவர்கள் அதை எடுத்தார்கள், நிறுவனத்தைப் பல்கலைக்கழகம் ஏற்பாடு செய்கிறதா, மாணவரே தேடிக்கொள்ள வேண்டுமா என்று கேளுங்கள். மாணவரே தேட வேண்டும் என்றால் நீங்கள் உங்கள் நிறுவனத்தையே முன்மொழியலாம், அந்த நெடுவரிசையே நல்ல தொடக்கம். ஆனால் சொந்த நிறுவனத்தில் செய்யும் களப்பணியைச் சில துறைகள் ஏற்பதில்லை. அவர்கள் ஏற்காமல் போனால், அல்லது எவருமே அந்தப் பாடத்தை எடுப்பதில்லை என்று தெரிந்தால், எம்.பி.ஏ.வை மட்டும் படித்துவிட்டு, சில ஆண்டுகள் கழித்துப் பணியில் இருந்தபடியே இரண்டாவது பட்டத்தை வேறிடத்தில் செய்யுங்கள்.