மைக்கேல் ஹெர்: காதால் எழுதியவர்

உறவுகளுக்கு வணக்கம்.

போர்ப் படங்களுக்கு வசனம் எழுதுகிறவர்கள் சண்டையை நேரில் பார்த்தவர்களா என்று தம்பி ஒருவர் கேட்டிருந்தார். பார்த்தவர் ஒருவரை எனக்குத் தெரியும்: அமெரிக்கரான மைக்கேல் ஹெர்.

1967இல் ‘எஸ்குவயர்’ மாத இதழுக்காக வியட்நாம் போனார். மாத இதழ் என்பதுதான் அவருக்கு வாய்த்த வசதி. தினசரி நிருபர்கள் சைகோனில் ராணுவம் மாலையில் நடத்தும் விளக்கக் கூட்டத்துக்கு ஓட வேண்டும். அதற்கு அவர்களே வைத்த கேலிப் பெயர் ‘ஐந்து மணிக் கூத்து’. ஹெருக்கு அந்த ஓட்டம் இல்லை. ஹெலிகாப்டரில் தொற்றிக்கொண்டு ஹுவே நகரம், 77 நாள் முற்றுகையில் கிடந்த கே சான் ராணுவத் தளம் என்று போய், சிப்பாய்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார். கெட்ட வார்த்தை, பயம், ராக் பாட்டு, கிண்டல் எல்லாம் கலந்த பேச்சு.

ஊர் திரும்பியபின் மனம் உடைந்துபோனது. வியட்நாமில் கூடத் திரிந்த புகைப்பட நிருபர்கள் ஷான் ஃபிளினும் டேனா ஸ்டோனும் 1970 ஏப்ரலில் கம்போடியாவில் மோட்டார் சைக்கிளில் போனவர்கள், திரும்பவே இல்லை. ஹெரின் ‘டிஸ்பாட்சஸ்’ புத்தகம் 1977இல்தான் வந்தது. அதில் சில பாத்திரங்கள் கற்பனை என்று பிற்பாடு அவரே ஒப்புக்கொண்டார். நிருபருக்கு அது குறைதான், மழுப்ப வேண்டாம். ஆனால் எனக்கென்னவோ, சினிமாக்காரர்கள் கூப்பிடும் முன்பே அவருக்குள் கதாசிரியர் வந்து உட்கார்ந்துவிட்டார் என்றுதான் தோன்றுகிறது.

அப்புறம் இயக்குநர் கொப்போலா கூப்பிட்டார். அவருடைய வியட்நாம் போர்ப் படம் ‘அபோகலிப்ஸ் நவ்’ (1979) படத்தில் படகில் போகும் கேப்டன் வில்லர்டின் மனக்குரல் ஹெர் எழுதியது. களைத்து, கசந்து, கண்ணை மூடாமல் கிடப்பவனின் குரல். படத்தில் எனக்குப் பிடித்ததே அதுதான்.

அடுத்து இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக். 1980இல் பழக்கமானார்கள். மனிதர் போனை எடுத்தால் வைக்கமாட்டாராம். மூன்று வருடம் நீண்ட ஒரே அழைப்பு என்கிற மாதிரி ஹெர் வேடிக்கையாக எழுதியிருக்கிறார். மூல நாவலை எழுதிய குஸ்டாவ் ஹாஸ்ஃபோர்டும் சேர்ந்து மூவரும் எழுதியது ‘ஃபுல் மெட்டல் ஜாக்கெட்’ (1987) என்ற வியட்நாம் போர்ப் படம். ஹெர் கண்ணால் கண்ட ஹுவே, லண்டன் பெக்டனில் கைவிடப்பட்ட எரிவாயு ஆலையில் செட்டாக எழுந்தது. பனைமரங்கள் ஸ்பெயினிலிருந்து வந்தன! திரைக்கதை ஆஸ்கருக்குப் பரிந்துரையானது, பரிசு கிடைக்கவில்லை.

2016இல் ஹெர் காலமானார். ‘டிஸ்பாட்சஸ்’ படித்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள். கே சான் பகுதியைப் பற்றிப் பேச எனக்கு ஆள் வேண்டும்.