ஏழு வீடு மாறிய பூனையும் நாலு ஊசியும்

வீட்டுப் பிராணிகளோடு உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுங்கள் என்று இந்தப் பக்கத்தில் கேட்டிருந்தார்கள். நான் எதையும் வளர்க்கவில்லை. அதுவாக வந்தது, கீறியது, பத்து நாள் என்னைத் தெருத் தெருவாக அலையவிட்டது.

வேலூர் தோட்டப்பாளையத்தில் எங்கள் வீடு. அன்றைக்கு மே 5, கத்திரி பிறந்து மறுநாள். பல நாளாக ராத்திரித் தூக்கம் இல்லை. வெயில் ஒரு காரணம். பகலெல்லாம் குடித்த சூட்டை மொட்டை மாடித் தளம் ராத்திரி பூரா கக்கும். இன்னொரு காரணம் பெங்களூரில் இருக்கும் பையன். கம்பெனியில் ஆள் குறைக்கிறார்கள் என்று போனில் சொல்லிவிட்டு, "நீ ஒண்ணும் கவலப்படாதம்மா" என்று வைத்துவிட்டான். அதைச் சொல்லாமல் இருந்திருந்தால்கூட ஒரு வேளை தூங்கியிருப்பேன்.

போனையே பார்த்துக்கொண்டு கிடப்பதற்கு ஏதாவது படிக்கலாம் என்று பரண் மேலிருந்த அட்டைப்பெட்டி ஞாபகம் வந்தது. அதில் என் பைண்டுகள் இருந்தன. பத்திரிகைத் தொடர்கதைகளை வாரா வாரம் கிழித்துச் சேர்த்து, தைத்து, அட்டை ஒட்டி வைப்போமே, அவைதான். கல்யாணத்துக்கு முன்னால் ஆரணியில் அம்மா வீட்டில் சேர்த்தவை. ஸ்டூல் போட்டு ஏறிப் பெட்டியை இழுத்தேன். உள்ளேயிருந்து ஒரு சீறல். கையை எடுப்பதற்குள் புறங்கையில் மூன்று கோடு.

பெட்டிக்குள் கண் திறக்காத நாலு குட்டிகள், என் தொடர்கதை மேல் படுத்திருந்தன.

"மொளகாத்தூள் வெச்சிக் கட்டு, வெசம் எறங்கிடும்" என்றார் அத்தை. வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "பூனைதானே, நாயா இன்னா?" என்று சட்டையை மாட்டிக்கொண்டு ராணிப்பேட்டைக்கு வேலைக்குக் கிளம்பிவிட்டார். நான் நேராகக் குழாயடிக்குப் போனேன். பையன் பள்ளிக்கூடம் படித்தபோது பாடம் ஒப்பிக்கவைத்து ஒப்பிக்கவைத்து எனக்கே மனப்பாடம் ஆன சங்கதிகளில் ஒன்று, வெறிநாய்க்கடிக்கு முதல் வைத்தியம் சோப்பும் ஓடுகிற தண்ணீரும் என்பது. 15 நிமிடம் கழுவ வேண்டும். நல்ல வேளை, தண்ணீர் விடுகிற நாள்.

அரசு ஆஸ்பத்திரியில் டாக்டர் கையைத் திருப்பிப் பார்த்தார். சிராய்ப்புதான், ரத்தம் இல்லை, அதனால் தடுப்பூசி மட்டும் போதும் என்றார். இரண்டு தோளிலும் தோலுக்குள் கொஞ்சூண்டு மருந்து. அன்றைக்கு ஒன்று, அப்புறம் 3-ஆம் நாள், 7-ஆம் நாள், 28-ஆம் நாள். அட்டையில் மே 5, 8, 12, ஜூன் 2 என்று எழுதிக் கொடுத்தார்கள். கிளம்பும்போது டாக்டர் சொன்னதுதான் வினை.

"பூனைய பத்து நாள் கண்ணுல வெச்சிருங்கம்மா. பத்து நாள் கழிச்சும் அது நல்லா இருந்துச்சின்னா, கீறின அன்னிக்கு அதுங்கிட்ட கிருமி இல்லன்னு அர்த்தம்."

சாயந்திரம் அந்தப் பெட்டியோடு அதைத் தெருமுனையில் கொண்டுபோய் வைக்க வேண்டும் என்று கணக்குப் போட்டிருந்தவள் நான். இப்போது பாலும் தயிர்சோறும் வைத்து அதைத் தாங்க வேண்டியதாயிற்று. வைத்தேன். மறுநாள் காலையில் பார்த்தால் பெட்டி காலி.

"பூனை குட்டிய ஏழு வூடு மாத்தும், தெரியாதா உனக்கு?" என்றார் அத்தை, ஏதோ நான் பள்ளிக்கூடமே போகாதவள் மாதிரி.

அப்புறம் என் பிழைப்பு பூனை தேடுவதாக ஆயிற்று. இருபத்தைந்து வருஷமாக இருக்கிற தெரு. ஆனால் எந்த வீட்டுக் கொல்லை எப்படி இருக்கும் என்று அந்த வாரம்தான் பார்த்தேன். முதலில் பின்வீட்டுத் துணி துவைக்கிற கல்லுக்கு அடியில். அங்கிருந்து ஒரு டெம்போவின் தார்ப்பாய்க்குள். டெம்போக்காரர் திருப்பத்தூருக்கு லோடு எடுத்துக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தார்; கை காட்டி நிறுத்தினேன். "இன்னாக்கா, பூனைக்கு டிக்கெட் வேணுமா?" என்று கேட்டார். நான் சிரிக்கிற நிலையில் இல்லை.

பார்த்த அன்றைக்கெல்லாம் தினசரிக் காலண்டர் தாளில் "பூ.உ." என்று எழுதிவைத்தேன். பூனை உண்டு. பால் கணக்குக்குப் பக்கத்திலேயே. மே 10 தாளில் ஒன்றும் இல்லை. 11-லும் இல்லை.

அந்த இரண்டு ராத்திரியும் பையனுடைய வேலை பற்றிய கவலை போன இடம் தெரியவில்லை. ராத்திரி இரண்டு மணிக்குப் போனை எடுத்து, தண்ணீரைப் பார்த்தால் தொண்டை இறுக்கும், காற்றுப் பட்டால் உடம்பு தூக்கிப்போடும் என்றெல்லாம் படித்தேன். கிருமி நரம்பு வழியாக மூளைக்குப் போகிறதாம்; அறிகுறி வந்த பிறகு பிழைக்கவைப்பது ஏறக்குறைய முடியாத காரியமாம். படித்துவிட்டு எழுந்துபோய் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துப் பார்த்தேன். இறங்கியது. அரை மணி கழித்து மறுபடியும் குடித்துப் பார்த்தேன். அத்தை கண்ணைத் திறக்காமலே, "சர்க்கர இருக்கான்னு டெஸ்ட் பண்ணிக்கோ" என்றார்.

மூன்றாவது தடவை எழுந்தபோது போனை அப்படியே வைத்துவிட்டு பைண்டை எடுத்தேன். ஓரத்தில் பூனைக் கறை, நாற்றம் வேறு. பதினாலாவது அத்தியாயம் இல்லை. அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்த வாரம் அது, பத்திரிகை வாங்கவில்லை. பதிமூன்றில் கோபித்துக்கொண்டு போன புருஷன் பதினைந்தில் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுகிறான். எப்படித் திரும்பி வந்தான் என்று முப்பது வருஷமாக எனக்குத் தெரியாது. அதை யோசித்துக்கொண்டே விடிந்துவிட்டது.

12-ஆம் தேதி மூன்றாவது ஊசி. எனக்கு அந்த வரிசை பிடித்துப்போயிருந்தது. ஒரே நாளில் ஆரம்பித்தவர்கள் என்பதால் ஒவ்வொரு தடவையும் அதே முகங்கள். அணைக்கட்டுப் பக்கத்து ஆயா ஒருவர். குட்டி போட்டிருந்த சொந்த நாயிடம் சோற்றுத் தட்டை நகர்த்தப்போய்க் கடி வாங்கியவர். காட்பாடி காந்தி நகரில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிற ஒரு பையன். சைக்கிளில் பொரி விற்கும் ஒரு பெரியவர். இடது கெண்டைக்காலில் தெருநாய் ஆழமாகக் கடித்து, காயத்தைச் சுற்றியே தனியாக ஒரு மருந்தும் போட்டிருந்தார்கள்.

ஆயாதான் அந்த வரிசைக்குத் தலைமை. "நாலு ஊசிக்கே மூஞ்சிய சுளிக்கிறீங்களே, எங்க நைனாவுக்கு தொப்புள சுத்தி பதினாலு போட்டாங்க" என்பார். பொய் இல்லை. ஆட்டு மூளையிலிருந்து எடுத்த பழைய மருந்தை வயிற்றில் அப்படித்தான் போடுவார்கள். 2005 வாக்கில்தான் அது நாட்டில் நின்றது. பொரிக்காரருக்கு அவர் ஊரில் எருக்கம்பால் வைத்தார்களாம். அதனால் புண் வெந்துபோய், ஊசியைவிட அதுதான் அதிகம் வலிக்கிறது என்றார். நான் என் பூனை காணாமல் போனதைச் சொன்னேன். எல்லோரும் சிரிக்கப்போகிறார்கள் என்று நினைத்தேன். ஆயா சிரிக்கவில்லை. "மீன் வாசன எங்க வருதோ அங்க போயி பாரு" என்றார்.

எங்கள் தெருவில் மீன் வாசனைக்குத் தேட வேண்டியதே இல்லை. பெரிய ஆஸ்பத்திரிக்கு வைத்தியத்துக்காக வங்காளத்திலிருந்து வருகிறவர்கள் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் அறை எடுத்துத் தங்கிச் சமைக்கிற மாடி ஒன்று இருக்கிறது. அந்தப் படியில் நான் ஏறினதே இல்லை. ஏறினேன். என் வயதுதான் இருக்கும் அந்த அம்மாவுக்கு. போனில் பூனைப் படத்தைக் காட்டினேன். "பிரால்!" (பூனைக்கு அவர்கள் பாஷையில் அதுதான் பேர்) என்று முகம் மலர்ந்து, என் கையைப் பிடித்துச் சமையல் மேடைக்கு அடியில் காட்டினார். நாலும் பத்திரம், கண் திறந்திருந்தன. தாய்க்காரி மீன் தலை தின்றுகொண்டிருந்தாள்.

அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு வங்காளம் தெரியாது, இந்தியில் இரண்டு பேருமே அரைகுறை. வீட்டுக்காரருக்கு ஆபரேஷன், தேதிக்காகக் காத்திருக்கிறார்கள் என்று புரிந்தது. சுவரில் அவரும் ஒரு காலண்டர் மாட்டி நாளை அடித்துக்கொண்டிருந்தார். நான் என் ஊசி அட்டையைக் காட்டினேன். அவர் அவருடைய ஃபைலைக் காட்டினார். என் அட்டையைப் பார்த்துவிட்டு அந்த ஃபைலைப் பார்த்தபோது கொஞ்சம் வெட்கமாக இருந்தது. சின்னக் கிண்ணத்தில் மீன் குழம்பு கொடுத்தார், கடுகு அரைத்துவிட்டது. எங்கள் வீட்டில் அத்தைக்கு மட்டும் பிடித்தது. நான் பதிலுக்கு இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காயில் எண்ணெய்க் கத்திரிக்காய் செய்து கொண்டுபோனேன்.

மே 15, பத்தாம் நாள். அன்றைக்குக் குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. நாத்தனார் அங்கேதான் இருக்கிறாள். வருஷம் தவறாமல் போவோம். நான் போகவில்லை. காரணத்தைச் சொன்னதற்கு அவள் இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை. மாடி ஏறி, பூனை நல்லபடியாகச் சாப்பிடுகிறதா, குரல் மாறியிருக்கிறதா, வாயில் எச்சில் ஒழுகுகிறதா என்று ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன். என்னைப் பார்த்து ஒரு சீறு சீறிவிட்டுக் குட்டியை நக்கப் போய்விட்டது. காலண்டரில் பூ.உ.

ஜூன் 2-ஆம் தேதி நாலாவது ஊசி. ஆயா மடியில் அவித்த மல்லாட்டை கொண்டுவந்து எல்லோருக்கும் கொடுத்தார். காட்பாடிப் பையன் வந்தான். பொரிக்காரர் வரவில்லை. பன்னிரண்டு மணி வரைக்கும் பார்த்தோம். சிரசுக்குப் பொரி விற்கக் குடியாத்தம் போவதாகப் போன தடவை சொன்னார். அதற்கப்புறம் யாரும் அவரைப் பார்க்கவில்லை. பேர்கூட யாரும் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. தாமதமானாலும் பரவாயில்லை, விட்ட ஊசியை வந்து போட்டுக்கொள்ளலாம் என்று நர்ஸம்மா சொன்னார். அதை அவரிடம் யார் போய்ச் சொல்வது? சைக்கிளில் பொரி மூட்டை, இடது காலில் எருக்கம்பால் வெந்த தழும்பு. குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கம் யாராவது பார்த்தால் நாலாவது ஊசி போட்டாரா என்று கேட்டுச் சொல்லுங்கள்.

*

வாலாஜாவிலிருந்து எழுதுகிறேன், ஓய்வுபெற்ற வாத்தியார். அம்மா, பூனையும் நாயும் மட்டும் இல்லை, குரங்கு கடித்தாலும் இதே ஊசிதான். வள்ளிமலையில் எனக்கு ஆனது.

படி ஏறி மூச்சு வாங்குகிறதே என்று மண்டபத்தில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன். மு.வ.வின் அகல் விளக்கு. 1961-இல் சாகித்திய அகாதெமி பரிசு வாங்கிய நாவல். எங்கள் வாலாஜாவும் பாலாறும் அதில் வருவதால் வருஷத்துக்கு ஒரு தடவை நூலகத்தில் எடுத்துவிடுவேன். கையில் வாழைப்பழம்கூட இல்லை. ஆனாலும் ஒரு குரங்கு வந்து புத்தகத்தைப் பிடித்து இழுத்தது. நானும் விடவில்லை. விட்டிருக்க வேண்டும். விரலில் ஒரு கடி, புத்தகத்தில் பாதி அதற்கு. பாறை மேல் உட்கார்ந்து ஒவ்வொரு தாளாகக் கிழித்து மோந்து பார்த்துப் போட்டது.

ஊசி நாலும் போட்டாயிற்று. அதைவிடப் பெரிய கவலை நூலகரிடம் என்ன சொல்வது என்பது. எழுதிக் கொடுங்கள் என்றார். "வள்ளிமலையில் குரங்கு கிழித்துவிட்டது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். முப்பத்தைந்து வருஷம் பையன்கள் சொல்கிற காரணத்தை நம்பாதவன் நான். அவர் படித்துவிட்டு என்னை ஏறிட்டுப் பார்த்த பார்வை இருக்கிறதே! வேறு பிரதி வாங்கிக் கொடுத்துவிட்டேன்.

*

நான் குடியாத்தம். சிரசுக்கு வந்த பொரிக் கடைகளை எண்ண முடியுமா அக்கா? ஆனாலும் எங்கள் தெருவுக்கு வாரத்தில் இரண்டு நாள் வருகிற பொரிக்காரரை நேற்று நிறுத்திக் கேட்டேன். அவர் இல்லை. கால் இரண்டும் காட்டினார், தழும்பு இல்லை. "எதுக்கும்மா கேக்கற?" என்றார். முழுக்கதையும் சொன்னேன். மூட்டை எடுக்கிற இடத்தில் எல்லாப் பொரிக்காரர்களும் வருவார்களாம், விசாரிக்கிறேன் என்றார்.

எங்கள் வீட்டில் ஒரு நாய் இருக்கிறது. சொல்ல நிறைய இருக்கிறது, இன்னொரு நாள் எழுதுகிறேன். இப்போதைக்கு ஒன்று மட்டும் கேட்கிறேன்: பூனை இப்போது எந்த வீட்டில்?

*

ஐந்தாவது வீட்டில். மாடி அம்மாவின் வீட்டுக்காரருக்கு ஆபரேஷன் முடிந்து அவர்கள் ஊருக்குக் கிளம்பியதும் அதுவும் குட்டிகளைக் கவ்விக்கொண்டு இறங்கிவிட்டது. அத்தை மறுபடியும் அட்டைப்பெட்டியைத் துடைத்துப் பரண் மேல் வைத்திருக்கிறார். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.