புதுப்பிப்பு: வைஃபை சேனல் ஆட்டோவா, மேனுவலா? – சரியாகிவிட்டது

யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் மாடி வீட்டில் ராத்திரி 8 மணிக்கு மேல் வைஃபை விட்டுவிட்டு வருகிறது, சேனலை (ரவுட்டர் சிக்னல் அனுப்பும் தடம்) ரவுட்டரே தேர்ந்தெடுக்கும்படி ஆட்டோவிலேயே விடலாமா, மேனுவலாக நானே வைக்கலாமா என்று கேட்டிருந்தேன்.

எங்கள் ரவுட்டர் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என இரண்டு அலைவரிசைகளில் இயங்குகிறது. "2.4 கிகாஹெர்ட்ஸில் 1, 6, 11 சேனல்கள் மூன்றும்தான் ஒன்றோடொன்று மோதாது, காலியாக இருப்பதைப் பிடியுங்கள்" என்று ஒருவர் எழுதியதுதான் பலித்தது. போன் செயலியில் பார்த்தால் அக்கம்பக்கத்து ஒன்பது ரவுட்டர்கள் சேனல் 6-இல் குவிந்திருந்தன, எங்களுடையதும் அங்கேதான். 11-க்கு மாற்றி, சேனல் அகலத்தையும் 40-லிருந்து 20 மெகாஹெர்ட்ஸாகக் குறைத்தேன். பத்து நாளாக அம்மாவின் வீடியோ கால் ஒருமுறைகூட நிற்கவில்லை.

எதிர்பாராதது ஒன்று: அதே உற்சாகத்தில் 5 கிகாஹெர்ட்ஸிலும் நானே சேனல் 100 வைத்தேன். அப்புறம் டிவியில் வைஃபை பெயரே காட்டவில்லை. ரேடாருடன் பகிரும் சேனல் அது. சில கருவிகள் அதைத் தேடுவதே இல்லை. 5 கிகாஹெர்ட்ஸை மட்டும் ஆட்டோவுக்குத் திருப்பியதும் டிவி வந்துவிட்டது.