விடுமுறைக்குத் தஞ்சாவூர், நாகைப் பக்கத்து ஊருக்கு வருகிறவர்களுக்கு: எந்த மாசம், எந்த மீன்

சங்கத்து உறவுகள் எல்லாருக்கும் வணக்கம்.

குவைத்தில் இருக்கிற தம்பி ஒருவர், "லீவுக்கு வர்றேன், பிள்ளைங்களுக்கு நல்ல மீன் சாப்பாடு எங்கே கிடைக்கும்?" என்று கேட்டிருந்தார். பதில் போட்டவர்கள் எல்லாரும் ஓட்டல் பெயராக அடுக்கிவிட்டீர்கள். அவற்றில் எனக்கும் பிடித்த கடைகள் உண்டு. ஆனால் ஓட்டலைப் பார்ப்பதற்கு முன்னால் மாசத்தைப் பாருங்கள் என்று சொல்வேன். மாசம் தெரிந்தால் மீன் தெரியும். மீன் தெரிந்தால் அதைக் கடையில் சாப்பிடுவதா, வீட்டில் ஆக்குவதா என்பது தானாகத் தெரிந்துவிடும்.

வஞ்சிரத்தையும் வவ்வாலையும் தேடி ஊருக்கு வராதீர்கள். அவை துபாயிலும் கிடைக்கின்றன, சென்னையிலும் கிடைக்கின்றன. நம்ம பக்கத்து ருசி ஆற்றுத் தண்ணீரும் கடல் தண்ணீரும் கலக்கிற இடத்து மீனில் இருக்கிறது. பாமணியாறும் கோரையாறும் முத்துப்பேட்டைக் காயலில் விழுகின்றன. அங்கே அலையாத்திக் காட்டுக்குள் வெட்டிவிட்ட வாய்க்கால்கள் வழியாக மீன் ஏறி வரும், அதைப் பிடிப்பார்கள். அந்தச் சேற்றிலும் உவர் நீரிலும் மேய்ந்து வளர்ந்த கொடுவாவுக்கும் மடவைக்கும் ஒரு கொழுப்பு உண்டு. ஆழ்கடல் மீனில் அது வராது.

கொடுவா வாங்கினால் ஒன்றரை, இரண்டு கிலோ மீனாகப் பாருங்கள். கொடுவா முதலில் ஆணாக இருந்து, வளர்ந்து பெருத்த பிறகு பெண்ணாக மாறுகிற மீன். பெரிய மீன் எல்லாம் முட்டை போடுகிற தாய்கள். அவற்றை விட்டுவைத்தால்தான் காயலில் அடுத்த தலைமுறை இருக்கும். சமையலுக்கும் நடுத்தர மீன்தான் வாகு. தலையும் வாலும் குழம்புக்கு, நடுத்துண்டு வறுவலுக்கு. கொடுவாவுக்குப் புளியைக் கொட்டாதீர்கள், அது மென்மையான மீன், புளிப்பு ஏறினால் அதன் ருசி அமுங்கிப்போகும்.

மடவை அப்படி இல்லை. அதற்கு நல்ல புளியும் காரமும் தாங்கும். குளத்து மடவையாக இருந்தால் சேற்று வாடை வரும். கல்லுப்பும் மஞ்சளும் போட்டு நன்றாக உரசி, வயிற்றுக்குள் இருக்கிற கறுப்புத் தோலை முழுக்க எடுத்துவிட வேண்டும். சினை இருந்தால் தனியாக எடுத்து, மிளகாய்த் தூள் தடவி, குறைந்த தீயில் வறுத்துப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள்.

இப்போது மாசக் கணக்கு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் நம்ம கரையில் விசைப்படகு கடலுக்குப் போகக்கூடாது. மீன் இனப்பெருக்கத்துக்காக வைத்த தடை. முன்பு 45 நாளாக இருந்தது, 2017-லிருந்து 61 நாள். சித்திரை, வைகாசியில் வருகிறவர்கள் ஊர்ப்பக்கத்து ஓட்டல்களில் பெரிய மீனைப் பார்த்தால், அதில் பெரும்பாலும் மேற்குக் கரையிலிருந்து ஐஸ் பெட்டியில் வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பருவத்தில் நாட்டுப்படகுக்காரர்கள் கரையோரம் பிடித்து வருகிற சின்ன மீன்தான் உண்மையான சாப்பாடு. நெத்திலி, மத்தி, கிழங்கான், சங்கரா. அதுவும் மாங்காய்க் காலம். நெத்திலியும் புளிப்பு மாங்காயும் சேர்ந்த குழம்புக்கு ஈடாக எந்த ஓட்டல் வறுவலையும் நான் சொல்லமாட்டேன்.

தடை முடிந்து படகுகள் திரும்புகிற ஜூன் கடைசியில் இறால் நிறைய வரும். நாகப்பட்டினம் அக்கரைப்பேட்டைத் துறைமுகத்துக்கு விடிகாலையில் போனால் வேண்டியதைப் பார்த்து எடுக்கலாம். புரட்டாசியில் பாதி ஊர் கவிச்சி தொடாது, அதனால் விலை இறங்கும். விரதம் இல்லாதவர்கள் அப்போது வந்தால் நல்ல மீன் கைக்கு எட்டும் விலையில் கிடைக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கடல் மீன் குறையும், ஆனால் வாய்க்காலிலும் வயலிலும் கெளுத்தி, குறவை, விரால் ஏறும். அறுவடை முடிந்து மாசி, பங்குனியில் குளம் வற்றும்போது கலக்கிப் பிடிப்பார்கள். விரால் குழம்பு அப்போதுதான். பொங்கலுக்கு வருகிறவர்கள் இன்னும் நாலு வாரம் தள்ளி டிக்கெட் போட முடிந்தால் போடுங்கள்.

சரி, கடைகள். சென்னையிலிருந்து கும்பகோணம் வழியாக வருகிறவர்கள் அணைக்கரையில் வண்டியை நிறுத்துங்கள். கொள்ளிடத்தின் குறுக்கே 1836-ல் ஆர்தர் காட்டன் கட்டிய கீழணை அங்கேதான் இருக்கிறது. பக்கத்திலேயே ஆற்று மீன் கிடைக்கும். திருச்சியில் இறங்குகிறவர்களுக்குக் கல்லணை. அங்கே வறுத்துக் கொடுக்கிற கடைகள் வரிசையாக உண்டு. வேளாங்கண்ணி கடற்கரையில் மீனைத் தட்டில் பரப்பி வைத்திருப்பார்கள், நாம் கை காட்டுவதைப் பொரித்துத் தருவார்கள். இந்த மூன்று இடத்திலும் ஒரே விஷயம்தான். ஏற்கெனவே சிவப்பாக மசாலா தடவி வைத்த மீன் வேண்டாம் என்று சொல்லுங்கள். மசாலா தடவாத மீனைக் காட்டச் சொல்லி, செவுளைத் தூக்கிப் பார்த்து, கண் பளிச்சென்று இருந்தால் மட்டும் வாங்குங்கள். விலையை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை, கடைக்காரரும் தப்பாக நினைக்கமாட்டார்.

நம்ம ஊர்ப்பக்கத்துச் சின்ன மெஸ்களில் உட்கார்ந்ததும் "இன்னிக்கு என்ன மீன்?" என்று கேளுங்கள். "ரெண்டு மீன்தான் இருக்கு" என்று பதில் வந்தால் நம்பி இலையைப் போடச் சொல்லலாம். வருஷம் முழுக்க ஒரே பட்டியல் வைத்திருக்கிற கடையில் மீன் எங்கிருந்து வருகிறது என்று யோசிக்க வேண்டும். நல்ல மெஸ்ஸில் மதியம் இரண்டு மணிக்கெல்லாம் குழம்பு தீர்ந்துவிடும். அதனால் பன்னிரண்டரைக்கே போய்விடுங்கள்.

நாகூருக்குப் போனால் சாயங்காலம் இறால் வாடா சாப்பிடாமல் திரும்பக்கூடாது. அரிசி மாவில் தட்டி, வெங்காயமும் தேங்காயும் உள்ளே வைத்து, மேலே இறாலைப் பதித்து எண்ணெயில் போடுவார்கள். அதிராம்பட்டினம், முத்துப்பேட்டைப் பக்கமும் கிடைக்கும். ஆறிப்போனால் அதில் ஒன்றும் இல்லை. கடை வாசலிலேயே நின்று, சுடச்சுடச் சாப்பிட வேண்டிய பண்டம் அது.

ஆனால் மீன் குழம்பு வீட்டில்தான். கடையில் தாளிக்கிறவர்கள் வடகம் போடுவது குறைந்துவிட்டது, எனக்கு அதில் பெரிய வருத்தம். நம்ம தஞ்சாவூர், நாகைப் பக்கத்துக் குழம்பின் மணமே அதில்தான் இருக்கிறது. சித்திரை வெயிலில் சின்ன வெங்காயம், பூண்டு, உளுந்து, கடுகு, சீரகம், வெந்தயம், கறிவேப்பிலை எல்லாம் இடித்துக் கலந்து, விளக்கெண்ணெய் தொட்டு உருட்டி, நாள் கணக்கில் காயவைத்து எடுப்பார்கள் நம்ம அப்பாயிமார். ஓர் உருண்டையில் கொஞ்சம் கிள்ளி நல்லெண்ணெயில் போட்டாலே தெரு முழுக்கத் தெரியும். ஊருக்கு வருகிறவர்கள் திரும்பும்போது வேறு எதை விட்டாலும் வடகத்தை விடாதீர்கள். நன்றாகக் காய்ந்தது ஒரு வருஷம் தாங்கும்.

குழம்பில் மீனைக் கடைசியாகப் போடுங்கள். புளி பச்சை வாசனை போய், எண்ணெய் மேலே திரண்ட பிறகுதான் மீன். போட்டபின் கரண்டி வைக்காமல், சட்டியின் இரண்டு பக்கத்தையும் துணியால் பிடித்து ஒரு சுழற்று. மீன் வெந்தவுடன் அடுப்பை அணைத்து, இரண்டு மணி நேரமாவது அப்படியே விட்டுவிடுங்கள். மறுநாள் காலையில் பழைய சோற்றோடு சாப்பிடக் கொஞ்சம் எடுத்துவைப்பது நம்ம வீடுகளில் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

வெளிநாட்டில் ஆக்குகிறவர்களுக்கு: சிங்கப்பூரில் தேக்கா சந்தையில் 'சியாக்காப்' என்று விற்பது கொடுவாதான், 'குராவ்' என்பது காலா. பெரும்பாலும் பண்ணைக் கொடுவா, காயல் மீனின் இறுக்கம் இருக்காது, அதனால் குழம்பைவிட வறுவலுக்கு எடுங்கள். லண்டன் பக்கம் இருக்கிறவர்கள் சார்டினை மத்தியாகவும், மேக்கரலை அயிலையாகவும் வைத்துக்கொண்டு தாராளமாகப் புளிக் குழம்பு வைக்கலாம். இரண்டும் எண்ணெய் மீன், நம்ம காரத்துக்கு நன்றாக இடம் கொடுக்கும். மீன் கிடைக்காத ஊரில் இருப்பவர்களுக்குச் சென்னாக்கூனி, அதாவது காயவைத்த பொடி இறால், இருக்கிறது. வெறும் சட்டியில் வறுத்து, மணல் போகப் புடைத்து, முருங்கைக்கீரை வதக்கும்போது தூவினால் வேறு ஒன்றும் வேண்டாம். கத்தரிக்காயும் மொச்சையும் போட்ட கருவாட்டுக் குழம்பும் அப்படித்தான், வேதாரண்யத்து உப்பில் போட்ட கருவாடு என்றால் இன்னும் விசேஷம். கருவாடு எடுத்துப்போகும் முன் நீங்கள் இருக்கிற நாட்டின் விதியை ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். சில இடங்களில் விமான நிலையத்திலேயே பிடுங்கிவிடுவார்கள்.

தேங்காய்ப்பால் ஊற்றி வைக்கிற மீன் ஆணம் எனக்குச் சாப்பிடத் தெரியும், வைக்கத் தெரியாது. பள்ளிவாசல் தெரு அத்தாச்சிமார் யாராவது பக்குவத்தை எழுதி அனுப்புங்கள். புளி எப்போது, தேங்காய்ப்பால் எப்போது என்பதை மட்டும் விடாமல் எழுதுங்கள். குவைத்துத் தம்பி, நீங்கள் எந்த மாசம் வருகிறீர்கள் என்று சொல்லவே இல்லையே. அதைச் சொன்னால் மீன் என்னவென்று நான் சொல்கிறேன்.