'புதுமணத் தம்பதியர்' என்று எதுவரை அழைக்கலாம்?

மலைக்கொழுந்து (அட்டன்):
வணக்கம். எங்கள் பாடசாலை ஆசிரியை ஒருவருக்கு வரும் தை மாதம் கல்யாணம். ஆசிரியர்கள் சார்பில் வாழ்த்துமடல் எழுதும் பொறுப்பு எனக்கு. 'மணமக்கள்', 'புதுமணத் தம்பதிகள்', 'புதுமணத் தம்பதியர்' என்று மூன்று விதமாகவும் அச்சிட்ட மடல்களைக் கண்டிருக்கிறேன். எது பொருந்தும்? சித்திரைப் புத்தாண்டையொட்டிப் பாடசாலையில் நடக்கும் விருந்திலும் இருவரையும் வாழ்த்தவிருக்கிறோம். அப்போதும் 'புதுமண' என்ற அடைமொழி தகுமா?

ஏட்டுச்சுவடி (கண்டி):
'மணமக்கள்' என்பது மணமகனையும் மணமகளையும் சேர்த்துக் குறிக்கும் சொல். கல்யாணப் பத்திரிகை அச்சாகும் நாளிலேயே அது பொருந்திவிடும். 'தம்பதி' அவ்வாறன்று. வடமொழியில் 'தம்' என்பது வீடு, 'பதி' என்பது தலைவன். ஒருமையில் வீட்டுத் தலைவனைக் குறித்த அச்சொல், இருமையில் கணவன் மனைவி இருவரையும் குறித்தது. தமிழில் இருமை என்ற எண் இல்லாததால், 'தம்பதி' என்னும் வடிவமே ஒரு சோடியைக் குறிக்கலாயிற்று. 'தம்பதி சமேதராய் வருக' என்று நாம் அழைப்பதும் அப்பொருளிலேயே. ஆகவே ஒரு சோடியை மரியாதையாகச் சொல்லத் 'தம்பதியர்' போதும். பல சோடிகளைச் சொல்லும்போது 'தம்பதிகள்' என்பதே என் விருப்பம். வழக்கில் பலரும் ஒரு சோடியையே 'தம்பதிகள்' என்கிறார்கள் என்றாலும், சட்டமிட்டு வீட்டில் மாட்டப்போகும் மடலில் அதைத் தவிர்ப்பது நல்லது.

லயத்துப்பிள்ளை (பண்டாரவளை):
ஐயா சொன்னதோடு எங்கள் தோட்டத்து வழக்கையும் சேர்க்க விரும்புகிறேன். விவாகப் பதிவு முன்னதாகவே முடிந்திருந்தாலும், தாலி ஏறும்வரை பெரியவர்கள் இருவரையும் 'பொண்ணு மாப்பிள்ளை' என்பார்களேயன்றிக் கணவன் மனைவி என்று பேசமாட்டார்கள். அதன்பிறகு மறுவீடு, உறவுக்காரர் வீட்டு விருந்துகள், ஆடி என்று ஒவ்வொன்றாகக் கடந்து, தலைத்தீபாவளிக்குப் பெண் வீட்டார் அழைத்துப் புதுத்துணி கொடுக்கும்வரை அவர்கள் எங்களுக்குப் புதுச் சோடிதான். தையில் மணம் முடித்தவர்களுக்கு ஐப்பசி வரை அந்த உரிமை உண்டு; சித்திரை விருந்தில் தயங்காமல் சொல்லுங்கள். ஆண்டுக் கணக்கைவிட இந்த முறைக் கணக்கே சரியென்று நான் நினைக்கிறேன், ஏனெனில் இரு குடும்பங்களும் அவர்களைப் புதியவர்களாக வைத்துச் சீராட்டும் காலம் அதுதான்.

மலைக்கொழுந்து (அட்டன்):
இருவருக்கும் மிக்க நன்றி. தாலி கட்டியபின் வாசிக்கப்போவதால் தலைப்பில் 'புதுமணத் தம்பதியர்' என்றும், பாடலில் ஓசைக்கு ஏற்ப 'மணமக்கள்' என்றும் எழுதுகிறேன்.

ஏட்டுச்சுவடி (கண்டி):
அப்படியே செய்யுங்கள். 'மணம்' என்பதன் மகரம் கெட்டு, வரும் வல்லினம் மிகுவதால் 'புதுமணத்' என்று தகர ஒற்று கட்டாயம் வரும். அச்சகத்தில் அது விடுபடுவதுண்டு. அச்சேறுமுன் ஒருமுறை நீங்களே பார்த்துவிடுங்கள்.